கால்வரை இறங்கும் வலிக்கு முதுகெலும்பு மட்டுமே காரணமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான சயாட்டிகா பற்றிய கட்டுரை, பிட்டத்தில் தொடங்கிக் கால்வரை இறங்கும் வலி முழுவதையும் முதுகெலும்பின் ஜவ்வு விலகலாகவே விளக்கி, இத்தகைய வலி கண்டவர்கள் தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது என்று முடித்திருந்தது. நாமக்கல்லில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிந்து, லாரி ஓட்டுநர்களையும் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் நாள்தோறும் பார்த்துவருபவன் என்ற முறையில், அக்கட்டுரையின் முதற்பகுதியோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை; சயாட்டிகாவுக்கு ஜவ்வு விலகலே மிகப் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆனால் முதுகில் எந்தக் கோளாறும் இல்லாமல், பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் என்னும் தசையை ஒட்டியே அவ்வலி எழக்கூடும் என்பதையும், அதைக் கண்டறியும் இடம் ஸ்கேன் அறையன்று, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கையால் தொட்டுப் பார்க்கும் மேசையே என்பதையும் கட்டுரை ஓரிடத்திலும் சொல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிரிஃபார்மிஸ் அளவில் சிறிய தசை. பிட்டத்துக்குப் பருமனைத் தரும் பெருந்தசைக்கு அடியில் அது மறைந்திருக்கிறது. முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண வடிவத் திருவெலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, இடுப்பெலும்பிலுள்ள பெரிய துளை வழியாகப் பின்புறம் வந்து, தொடையெலும்பின் மேற்புடைப்பில் சென்று சேர்கிறது. நிற்கும்போது தொடையை வெளிப்பக்கமாகத் திருப்புவதும், உட்கார்ந்து தொடை மடங்கியிருக்கும்போது அதைப் பக்கவாட்டில் விலக்குவதும் அதன் வேலைகள். உடலின் மிகத் தடித்த நரம்பாகிய சயாட்டிக் நரம்பும் அதே துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. பெரும்பாலானோருக்கு அது இத்தசையின் கீழ் விளிம்பை ஒட்டி வந்து தொடைக்குள் இறங்குகிறது. ஆகவே தசை வீங்கினாலோ, இறுகினாலோ, காயம் ஆறியபின் தழும்பு கட்டினாலோ, பக்கத்தில் போகும் நரம்பு உறுத்தப்பட்டு வலி தொடையின் பின்புறமாகக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. நோயாளிக்கு அந்த வலி ஜவ்வு விலகலின் வலியைப் போலவே தோன்றுகிறது என்பதில் வியப்பில்லை, ஏனெனில் வலிப்பது அதே நரம்புதான். அழுத்தம் விழும் இடம் மட்டுமே வேறு.

எல்லோருடைய உடலிலும் இந்த நரம்பும் தசையும் ஒரே விதமாக அமைந்திருப்பதில்லை. சிலருக்கு நரம்பு இரண்டாகப் பிரிந்து ஒரு பிரிவு தசையை ஊடுருவி வருகிறது. மிகச் சிலருக்கு நரம்பு முழுவதுமே தசைக்குள் புகுந்து வருவதுமுண்டு. பீட்டன், ஆன்சன் என்னும் இரு உடற்கூற்றியலாளர்கள் 1937இல் இவ்வமைப்புகளை ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். அந்தப் பிறவி வேறுபாடுதான் வலிக்குக் காரணம் என்று நெடுங்காலம் எளிதாகச் சொல்லிவந்தார்கள். இன்றும் பல விளக்கப் படங்கள் அப்படியே சொல்கின்றன. ஆனால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சடலப் பரிசோதனைகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வில் இத்தகைய வேறுபாடு ஏறத்தாழ 17 விழுக்காட்டில் காணப்பட்டது. இந்த வலிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் அது ஏறத்தாழ 16 விழுக்காடாகவே இருந்தது. வலி உள்ளவர்களிடமும் பொதுவான மக்களிடமும் ஒரே அளவில் காணப்படும் ஒன்றை வலிக்குக் காரணமாகக் காட்ட முடியாது. எனவே ஸ்கேன் அறிக்கையில் நரம்பு தசையை ஊடுருவிச் செல்கிறது என்ற வரியைக் கண்டதும் நோயாளிகள் கலங்க வேண்டியதில்லை; அந்த அமைப்போடு பிறந்து வாழ்நாள் முழுவதும் வலியே அறியாதவர்கள் ஏராளம்.

இந்நோயைப் பற்றிய எண்ணம் வளர்ந்த கதையையும் சற்றே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சயாட்டிகாவுக்கும் பிரிஃபார்மிஸ் தசைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யோமன் என்னும் மருத்துவர் 1928இல் எழுதினார். 1934இல் ஃப்ரைபெர்க், வின்கே ஆகிய இருவரும் அக்கருத்தை மேலும் விரித்தார்கள். ஆனால் அதே 1934இல்தான், அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் அறுவை மருத்துவர்கள், பிதுங்கிய ஜவ்வு, முதுகெலும்பிலிருந்து நரம்பு புறப்படும் இடமாகிய நரம்பு வேரை அழுத்துவதால் சயாட்டிகா வருகிறது என்பதை அறுவை சிகிச்சையின் வழியே காட்டி, மருத்துவ உலகத்தின் கவனம் முழுவதையும் முதுகெலும்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. பல்லாயிரம் பேருக்கு நன்மை செய்த கண்டுபிடிப்பு. ஆயினும் அதன்பின் பிட்டத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மெல்லக் குறைந்தது. 1947இல் ராபின்சன் என்பவர் பிரிஃபார்மிஸ் நோய்க்கூட்டத்துக்கு அப்பெயரைச் சூட்டி, பிட்டத்தில் முன்பு பட்ட அடி, குனியும்போதும் பளு தூக்கும்போதும் கூடும் வலி, அவ்விடத்தில் கைக்குத் தட்டுப்படும் தடிப்பு, பிட்டத் தசையின் மெலிவு முதலிய ஆறு அடையாளங்களைப் பட்டியலிட்ட பின்னும், நோய் பாடநூலின் ஓரத்தில்தான் நின்றது. முதுகுவலியுடன் வருவோரில் 0.3 முதல் 6 விழுக்காடு வரை இந்நோய் உள்ளவர்கள் என்று வெவ்வேறு மதிப்பீடுகள் சொல்கின்றன. இருபது மடங்கு வேறுபடும் இந்த எண்களே, எதை இந்நோய் என்று அழைப்பது என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. 2003இல் நரம்பியல் இதழொன்று, இந்நோய் அளவுக்கு மீறிக் கண்டறியப்படுகிறது என்ற கட்டுரையையும், போதிய அளவு கண்டறியப்படுவதே இல்லை என்ற கட்டுரையையும் அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிட்டது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து.

காரணங்களுக்கு வருகிறேன். பிட்டத்தில் நேரடியாகப் பட்ட அடி முதன்மையானது. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தவாறு விழுவது, லாரியின் மேல் தார்ப்பாய் கட்டும்போது தவறிக் கீழே விழுவது, இருசக்கர வண்டியிலிருந்து பக்கவாட்டில் சரிவது போன்றவற்றில் எலும்பு முறியாததால், இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். தசைக்குள் கசிந்த இரத்தமும் அதைத் தொடர்ந்த தழும்பும் பல வாரங்களுக்குப் பின் வலியாக வெளிப்படும்போது, பழைய வீழ்ச்சியை நோயாளி தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார். வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று மிகுதியாக ஓடுவதும், மலையேறுவதும், பளுவைத் தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்புவதும் தசையை வருத்துகின்றன. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னரும் சிலருக்கு இவ்வலி வருகிறது. அபூர்வமாக அவ்விடத்தில் உண்டாகும் சீழ்க்கட்டியோ, இரத்தக்குழாய் வீக்கமோ, புற்றுக்கட்டியோகூட இதே வலியைத் தரலாம்.

எங்கள் ஊரில் பெரிதாகப் பேசவேண்டியது உட்காரும் முறை. வட மாநிலங்களுக்குச் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநர் நாளின் பெரும்பகுதியை ஒரே இருக்கையில், வலது பாதத்தை ஆக்ஸிலரேட்டர் மீது வெளிப்புறமாகச் சாய்த்து வைத்தபடியே கழிக்கிறார். டீசலுக்கும் சுங்கச்சாவடிக்குமான பணம், ரசீதுகள், உரிமம் எல்லாம் அடங்கிய தடித்த பர்ஸ் பின்பையில் இருக்கிறது. பர்ஸின் மேல் உட்காருவதால் பிட்டத்தில் நரம்பு அழுத்தப்பட்டுக் கால்வலி வரும் என்பது 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான செய்தி. அன்று பர்ஸைத் தடிக்க வைத்தவை கடன் அட்டைகள். இன்று பணம் செல்பேசிக்குள் போய்விட்டது என்றாலும், அந்தச் செல்பேசியே பின்பையில் உட்கார்ந்திருக்கிறது. இதில் தசை சுருங்கி நரம்பை அழுத்துகிறதா, பர்ஸே நேராக நரம்பை அழுத்துகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியாயினும், பின்பையைக் காலி செய்வதற்குச் செலவு ஏதுமில்லை என்பதால், எந்தப் பரிசோதனைக்கும் முன்பாக அதைச் செய்யச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு காரணம் ஊசி. இடுப்புவலி என்று சொன்ன உடனே பிட்டத்தில் வலிநிவாரணி ஊசி போடுவது நம் சிறு மருத்துவமனைகளில் இன்றும் சாதாரணம். ஊசி போடாத மருத்துவரை நோயாளிகளே நம்புவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிட்டத்தை நான்காகப் பிரித்தால் மேலே வெளிப்புறமாக அமையும் பகுதியை விட்டு, உட்புறமாகவோ கீழாகவோ ஊசி இறங்கினால் சயாட்டிக் நரம்பே காயப்படலாம். அதில் பாதம் தொங்கிப்போன நோயாளிகள் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சீழ்பிடிப்பதும் தசை தழும்பாக இறுகுவதும் நடக்கின்றன. பிட்டத்து வலிக்குப் பிட்டத்திலேயே ஊசி போட்டபின், எந்த வலி முன்பு இருந்தது, எது பின்பு வந்தது என்று பிரித்தறிவது யாருக்கும் எளிதாக இருப்பதில்லை. ஆகவே வலி தொடங்கியதற்குச் சில வாரங்கள் முன்பு ஊசி போட்டுக்கொண்டீர்களா என்ற கேள்வி விசாரணையில் தவறாமல் இடம்பெற வேண்டும்.

இனி நோயைக் கண்டறிவது. இங்கே எங்கள் அனுபவத்தில் கண்ட முதல் தடை கூச்சம். நோயாளி, முக்கியமாகப் பெண்கள், பிட்டத்தில் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. இடுப்பில் வலி என்கிறார்கள். மருத்துவரும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இடுப்பு முதுகெலும்புக்கு ஸ்கேன் எழுதிவிடுகிறார். வலிக்கும் இடத்தில் உங்கள் கையை வையுங்கள் என்று ஒரு முறை கேட்டால் போதும், கை பல நேரங்களில் பெல்ட் கட்டும் கோட்டுக்கு ஒரு சாண் கீழே போய் நிற்கிறது. பெண் நோயாளியின் துணைக்கு ஒருவரை அறைக்குள் இருக்கவைத்து, முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுத் தொட்டுப் பார்த்தால் எவரும் மறுப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களை ஒதுக்க முடியாத நெரிசலில்தான் நம் புறநோயாளிப் பிரிவுகள் இயங்குகின்றன என்பதை அறிவேன். அதை மருத்துவர்களின் மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

இந்நோய் பற்றி வெளியான ஆய்வுகளை முறையாகத் தொகுத்து 2010இல் வந்த ஒரு மதிப்பாய்வு, மிகப் பொதுவாகக் காணப்படும் நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: பிட்டத்தில் வலி, உட்கார்ந்தால் அது கூடுவது, சயாட்டிக் நரம்பு வெளிவரும் குழிவின் மேல் அழுத்தினால் வலிப்பது, தசையை இழுக்கும் அல்லது இயக்கும் சோதனைகளில் வலி மிகுவது. இவற்றில் உட்காரும்போது கூடும் வலி மட்டும் போதாது, ஏனெனில் ஜவ்வு விலகலிலும் உட்கார்ந்தால் வலி கூடும். இருமும்போதும் தும்மும்போதும் மின்னல்போல் கால்வரை பாய்ந்தால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும்; வலிக்கும் பக்கப் பிட்டத்தைத் தூக்கி, மறுபக்கத்தில் எடையைப் போட்டு உட்கார்ந்தால் குறைகிறது என்றால் பிட்டத்தை நோக்கிச் சந்தேகம் நகர வேண்டும். பிட்டத்தின் நடுவில் ஆழமாக விரலால் அழுத்தும்போது, நோயாளி தினமும் அனுபவிக்கும் அதே வலி, அதே பாதையில் இறங்குகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அங்கே அழுத்தினால் ஓரளவு வலி எல்லோருக்கும் இருக்கும். மறுபக்கத்தோடு ஒப்பிடாமல் அதற்குப் பொருள் இல்லை.

தசையை இழுத்துப் பார்க்கும் சோதனைகளில் பரவலானது, நோயாளியை வலியில்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலிருக்கும் காலை இடுப்பில் மடக்கி, உடலின் குறுக்கே கொண்டுவந்து, தொடையை உட்புறமாகத் திருப்புவது. அப்போது தசை, தார்ப்பாயைக் கட்டிய கயிறு இறுகுவதுபோல நரம்பின் மேல் இறுகுகிறது. காலை நீட்டிய நிலையில் தொடையை உட்புறம் திருப்புவது ஃப்ரைபெர்க் பெயரால் வழங்கும் சோதனை. உட்கார்ந்தபடி இரு முழங்கால்களையும் மருத்துவரின் கைகளுக்கு எதிராக விலக்கச் சொல்லிப் பார்ப்பது 1976இல் பேஸ், நேகிள் ஆகியோர் விவரித்தது. மல்லாந்து படுத்த நோயாளியின் காலை நீட்டியவாறே உயர்த்தும்போது, ஏறத்தாழ 30 பாகையிலிருந்து 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி பாய்வது ஜவ்வு விலகலைச் சுட்டுவது என்றாலும், பிரிஃபார்மிஸ் நோயிலும் அது சிலருக்கு வலியைத் தரும். ஒரே ஒரு சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கால் விரலைத் தூக்கும் வலிமை, குதிகாலில் நடக்கும் திறன், கணுக்கால் அனிச்சை, தொடு உணர்ச்சி ஆகியவற்றையும் உடன் பார்த்தாக வேண்டும். இவற்றில் ஒரு குறிப்பிட்ட நரம்பு வேருக்கு உரிய குறைபாடு தெளிவாகத் தெரிந்தால், அது முதுகெலும்பைத்தான் காட்டுகிறது.

ஸ்கேன் தேவையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வின்படி, ஜவ்வு தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது; ஜவ்வு புடைப்பு 20 வயதிலேயே 30 விழுக்காடு. நாற்பது வயது ஓட்டுநர் ஒருவரை ஸ்கேன் எந்திரத்துக்குள் அனுப்பினால், அவருடைய வலி எங்கிருந்து வந்தாலும் சரி, அறிக்கையில் ஜவ்வு பற்றி ஒரு வரி வருவதற்கான வாய்ப்பு மிகுதி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பெல்ட் கட்டியவர்களையும், அறுவைக்கு நாள் குறித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: வழக்கமாக எடுக்கப்படும் இடுப்பு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ., நரம்பு பிட்டத்துக்குள் வெளிவரும் பகுதியைப் படம்பிடிப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் இடுப்புக்கூட்டுக்குத் தனியாக எழுத வேண்டும். நரம்பையே துலக்கிக் காட்டும் சிறப்பு முறையும் சில பெரிய மையங்களில் உண்டு. ஆகவே முதுகெலும்பு ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் வலியே பொய் என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது எவ்விதத்திலும் நியாயமன்று.

நரம்பு-தசை மின்னோட்டச் சோதனை, ஐயம் மிஞ்சும் இடங்களில் உதவும். முதுகை ஒட்டிய தசைகளுக்கும், பிட்டத்தின் நடுத்தசைக்கும் போகும் நரம்புகள் பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே வருவதில்லை. ஆகவே அத்தசைகள் சரியாக இருந்து, சயாட்டிக் நரம்பு இயக்கும் தசைகளில் மட்டும் குறை தென்பட்டால் பழுது பிட்டத்தில் இருக்கக்கூடும் என்று கொள்ளலாம். ஆனால் பல நோயாளிகளுக்கு இச்சோதனையின் முடிவு குறை எதையும் காட்டாமல் இயல்பாகவே வந்துவிடுகிறது. அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் அத்தசைக்குள் மரப்பு மருந்து செலுத்தி, வலி உடனே தணிகிறதா என்று பார்ப்பது, சிகிச்சையாகவும் நோயறியும் வழியாகவும் ஒருங்கே பயன்படுகிறது. அதுவும் ஐயத்துக்கு முழுமையாக அப்பாற்பட்டதன்று, ஏனெனில் மருந்து பக்கத்து நரம்புக்கும் பரவலாம். எனினும் நோயாளி சொல்லும் கதையும் கைப்பரிசோதனையும் சேர்ந்து சொல்வதை அதுவும் சொன்னால் உறுதி கூடுகிறது. அண்மைக் காலமாக, பிட்டத்தின் ஆழத்தில் நரம்பை அழுத்துவது பிரிஃபார்மிஸ் மட்டுமன்று, அதன் கீழுள்ள சிறுதசைகளும் நார்ப்பட்டைகளும் தொடையின் பின்தசை தொடங்கும் இடமும்கூட என்று கண்டு, ஆழ்பிட்ட நோய்க்கூட்டம் என்ற விரிந்த பெயரை மருத்துவர்கள் கையாள்கிறார்கள். ஒரு சிறு தசையின் மேல் எல்லாப் பழியையும் போடுவதைவிட இது நேர்மையானது.

தலைகீழான தவறும் இன்று வேகமாகப் பெருகிவருகிறது. செல்பேசிக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தமக்கு இருப்பது பிரிஃபார்மிஸ் வலிதான் என்று தாமே முடிவுசெய்து, டென்னிஸ் பந்தின் மேல் உட்கார்ந்து உருண்டுகொண்டு மாதங்களைக் கடத்துகிறவர்கள் வருகிறார்கள். இருபது, முப்பது வயது இளைஞருக்குப் பிட்டத்தில் வலி பக்கம் மாறி மாறி வந்து, விடியற்காலையில் எழுப்பி, எழுந்தபின் அரைமணி நேரத்துக்கும் மேல் இறுக்கமாக இருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுமாயின், அது திருவெலும்பு-இடுப்பெலும்பு மூட்டின் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகெலும்பை இறுகச் செய்யும் அந்த வாத நோய் பல ஆண்டுகள் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலியில் காசநோயை நம் நாட்டில் ஒதுக்கிவிட முடியாது. மாதவிடாயை ஒட்டி மட்டும் கூடும் கால்வலிக்கு, கருப்பையின் உட்படலத் திசு நரம்பருகே வளர்ந்திருப்பது அபூர்வக் காரணமாக இருக்கலாம். தொடை இடுக்கில் வலித்து, சம்மணமிட்டு உட்கார முடியாமல் போனால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடைபடுவது அல்லது அறியாமல் கழிவது, மலத்தை அடக்க முடியாமை, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது, பாதம் திடீரெனத் தொங்குவது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சற்றும் தயங்கக் கூடாது.

ஆகவே தங்கள் நலவாழ்வுப் பக்கத்தின் ஆசிரியர் குழுவுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மேலே சொன்ன அவசர அறிகுறிகள் இல்லாத, சில வாரங்களே ஆன பிட்ட-கால் வலிக்கு உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பை அடுத்த இதழில் வெளியிட வேண்டும். இரண்டாவது, இளைஞர்களின் பிட்ட வலிக்குப் பின்னாலிருக்கும் மூட்டழற்சி பற்றி முடக்குவாத மருத்துவ வல்லுநர் ஒருவரைக் கொண்டு தனிக் கட்டுரை எழுதச் செய்ய வேண்டும். அக்கட்டுரை வந்தால் அதை நகலெடுத்து எங்கள் காத்திருப்பு அறையின் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகன்,
நாமக்கல்